கலைச்சொல்: ‘ராட் அயர்ன்’ (wrought iron) வேலைப்பாட்டுக்கு என்ன சொல்லலாம்?

வணக்கம். ‘ராட் அயர்ன்’ வேலைக்குத் தமிழில் ஒரு பெயர் தேடுகிறோம்; வந்த கேள்விகளும் என் பதிலும் இங்கே.

> தேனிரும்பு என்று அகராதியிலேயே இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

இருக்கிறது ஐயா, ராட் அயர்ன் என்ற இரும்பு வகையின் பெயராக. கரிமம் மிகக் குறைந்து, கசடு நார்நாராய் உள்ளே இழையோடும் இரும்பு அது. ஈஃபிள் கோபுரம் அந்த இனம்தான். நமக்கு இப்போது வேண்டியது, இரும்பைக் காய்ச்சி அடித்து உருவாக்கும் வேலைப்பாட்டின் பெயர்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள பழைய பகுதியான பிரெஞ்சு குவார்ட்டர் மாடங்களின் கிராதியை எல்லாம் சுற்றுலா வருபவர்கள் ராட் அயர்ன் என்றே சொல்லிவிடுகிறார்கள். 1850 வாக்கில் எழுந்த பொண்டால்பா கட்டடங்களில் இருப்பதோ வார்ப்பிரும்பு, அதாவது உருக்கி அச்சில் ஊற்றியது; ‘A, P’ எழுத்துப் பின்னல் வரிசையாக ஒரே அச்சில் வரும். அதற்கு முந்தைய ஸ்பானிய ஆட்சிக்கால மாடங்கள் பலவற்றில் அடித்த வேலை. கிட்டப்போய்ப் பார்த்தால் சுருளுக்குச் சுருள் சிறிது மாறும். கம்பிகள் சேருமிடத்தைச் சூட்டோடு வளைத்த பட்டை கவ்வியிருக்கும். வார்ப்பில் அந்தப் பட்டைகூட அச்சிலேயே வந்த பொய்ப்பட்டைதான்!

> ‘அடியிரும்பு’?

அடியில் கிடக்கிற இரும்பு என்று படித்துவிடுவார்கள். என் பரிந்துரை ‘கொல்வினை’. கொல் என்பது கொல்லர் செய்யும் இரும்புத்தொழில். கொலை ஞாபகம் வருமே என்று சிலர் தயங்கலாம். கொல்லன் என்றால் யாரும் மிரளுவதில்லையே. பிரான்ஸின் நான்சி நகரில், ஸ்தானிஸ்லாஸ் சதுக்கத்தில் 1750களில் ழான் லாமூர் என்ற கொல்லர் செய்த பொன்பூச்சு வாயில்களை ‘கொல்வினை வாயில்கள்’ என்று எழுதிப் பாருங்கள், உறுத்தாது.

அப்புறம் கடைச்சரக்கு. ராட் அயர்ன் கட்டில், ஊஞ்சல் என்று இன்று விற்பது பெரும்பாலும் மைல்டு ஸ்டீல் (சாதாரண எஃகு), இயந்திரத்தில் வளைத்து வெல்டிங் வைத்தது. பிரிட்டனில் தேனிரும்பை வணிகமாகத் தயாரிப்பதே 1970களில் நின்றுபோனது. இந்தச் சரக்குக்குக் கொல்வினைப் பட்டம் தர எனக்கு மனமில்லை. ‘அலங்காரக் கம்பிவேலை’ போதும். ஆனால் அதே மைல்டு ஸ்டீலை உலையில் காய்ச்சிச் சம்மட்டியால் அடிக்கிற கொல்லர் செய்வது கொல்வினைதான், தேனிரும்பு இல்லாவிட்டாலும். பொருளுக்கு ஒரு சொல், வேலைக்கு ஒரு சொல் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் தேனிரும்பு, கொல்வினை இரண்டையும் தனித்தனிப் பதிவாகவே பட்டியலில் சேர்த்துவிடலாம்.