‘படமிடல்’ வேண்டாம், ‘நிகரிடம்’ சரிவருமா?

நண்பர்களே,

படிகவியல் மென்பொருளில் ‘சிமெட்ரி மேப்பிங்’ என்ற கட்டளைக்குச் ‘சமச்சீர்ப் படமிடல்’ என்று போன இழையில் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. நானும் சரி என்றுதான் சொன்னேன். இப்போது அதை மாற்றச் சொல்கிறேன். சோதனைப் பதிப்பை ஒரு மாணவியிடம் கொடுத்தபோது அந்தப் பொத்தானை அழுத்திவிட்டுப் படம் வரும் என்று காத்திருந்தார். அவர்மேல் தப்பே இல்லை, படமிடு என்றால் படம் வரத்தானே வேண்டும்?

அந்தக் கட்டளை செய்வது வேறு வேலை: படிகத்தின் சமச்சீரால் ஓர் அணுவின் இடத்துக்கு இணையாகும் மற்ற இடங்களைக் கையாள்வது. வெளிக்குலம் (ஸ்பேஸ் குரூப், அதாவது படிகத்தை முன்போலவே தோன்றும்படி நகர்த்தும் சமச்சீர்ச் செயல்களின் தொகுப்பு) 14-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், கரிமப் படிகங்களில் அடிக்கடி வருவது. படிகம் என்பது அலகுக்கூடு என்ற சிறு பெட்டியைத் திரும்பத் திரும்ப அடுக்கியது; இடத்தைச் சொல்லும் ஆயங்களை அதன் விளிம்புகளின் பின்னங்களாக எழுதுகிறோம். அதில் (0.1, 0.2, 0.3) என்ற இடத்தில் ஓர் அணு இருந்தால், திருகு அச்சு (சுழற்றி, அச்சுவழி நகர்த்துவது) அதை (0.9, 0.7, 0.2)-க்கும், தலைகீழ் மையம் (ஒரு புள்ளியின் எதிர்ப்புறம் அனுப்புவது) (0.9, 0.8, 0.7)-க்கும், நழுவு தளம் (கண்ணாடிபோல் எதிரொளித்து நகர்த்துவது) (0.1, 0.3, 0.8)-க்கும் கொண்டுபோகும். ஆக ஓர் அலகுக்கூட்டில் நான்கு இடங்கள். இதில் எது அசல், எது நகல்? நான்கில் எதிலிருந்து தொடங்கினாலும் அதே நான்குதான் கிடைக்கும். அதனால்தான் பள்ளிக் கணிதத்தின் ‘நிழல் உரு’வும் எனக்கு ஒப்பவில்லை, ஒன்றை நிழல் என்றால் இன்னொன்று உண்மை உரு என்று ஆகிவிடுகிறது.

நான்கும் ஒன்றுக்கொன்று நிகர். ஆகவே ‘நிகரிடம்’. ஏற்கெனவே நாம் ஏற்றுக்கொண்ட ‘பொதுவிடம்’ (சமச்சீர்ச் செயல்கள் எல்லாமே வேறிடத்துக்கு நகர்த்தும் இடம்), ‘சிறப்பிடம்’ (அவற்றில் ஏதாவது ஒன்று நகர்த்தாமல் விடும் இடம்) இரண்டோடும் இது இயல்பாகச் சேர்கிறது: பொதுவிடத்துக்கு இந்தக் குலத்தில் நான்கு நிகரிடங்கள், தலைகீழ் மையத்தின் மேலேயே அணு உட்கார்ந்தால் அது சிறப்பிடம், நிகரிடங்கள் இரண்டாகக் குறையும். இந்த வாக்கியத்தைப் ‘படமிடல்’ வைத்துச் சொல்லிப் பாருங்கள், வராது. மொத்தம் 230 வெளிக்குலங்கள், சிலவற்றில் ஒரு கூட்டுக்குள் 192 நிகரிடங்கள் வரை உண்டு, பயனர் இந்தச் சொல்லைத் திரையில் ஓயாமல் பார்க்கப் போகிறார்.

அப்புறம் வினைச்சொல். ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் மூன்று வேலைகளை அடக்கியிருக்கிறார்கள், தமிழில் பிரித்தே வைப்போம். மற்ற இடங்களைக் கணக்கிட்டுக் காண்பிப்பது ‘நிகரிடம் காட்டு’. கோப்பில் உள்ள அணுவையே வேறோர் இடத்துக்குக் கொண்டுபோவது ‘நிகரிடத்துக்கு மாற்று’. எங்கோ இருக்கும் புள்ளியை அசிமெட்ரிக் யூனிட்டுக்குள் (சமச்சீரால் முழுக் கூட்டையும் நிரப்பப் போதுமான பகுதிக்குள்) கொண்டுவருவது ‘தனிப்பகுதிக்குக் கொண்டுவா’. முதலாவது ஆயங்களைத் தொடாது, மற்ற இரண்டும் மாற்றி எழுதிவிடும். மூலக்கூறின் ஓர் அணுவை மட்டும் இப்படி மாற்றிவிட்டால் பிணைப்பு கூட்டின் குறுக்கே நீளமாக இழுபடும், பார்ப்பவர் தரவே தவறு என்று நினைப்பார். இந்த வேறுபாடு பொத்தானிலேயே தெரிய வேண்டும், உதவிப் பக்கத்தில் விளக்கிக்கொள்ளலாம் என்று விடுவது போதாது.

‘தனிப்பகுதி’ பற்றியும் ஒன்று. ‘சமச்சீரற்ற அலகு’ என்று நேராகப் பெயர்த்தால் படிகத்திலேயே சமச்சீர் இல்லை என்று படிக்கத் தோன்றுகிறது. ‘மூலப்பகுதி’ என்றால் மறுபடி அசல், நகல் சிக்கல். தன் நிகரிடம் தனக்குள்ளேயே இன்னொரு முறை வராத பகுதி என்பதால் தனிப்பகுதி.

திருகு அச்சும் தலைகீழ் மையமும் 0.1-ஐ −0.1 ஆக்கும்; மேலே நான் அதை 0.9 என்று எழுதியது அந்தச் செயல்களின் வேலை இல்லை, ஒரு முழுக் கூட்டின் நீளத்தை (1) கூட்டியதுதான். அதற்குக் ‘கூட்டுக்குள் அடக்கு’ என்று தனிக் கட்டளை இருக்கிறது, அதையும் இதையும் ஒரே பெயரில் போட வேண்டாம்.

‘நிகரிடம்’ பிடிக்காதவர்கள் மாற்றுச்சொல்லை அனுப்பும்போது, மேலே உள்ள நான்கு ஆயங்களை வைத்து அந்தச் சொல்லில் இரண்டு வாக்கியம் எழுதி அனுப்புங்கள். ஒன்று பெயர்ச்சொல்லாக, ஒன்று ஏவலாக.