புதுப்பிப்பு: கார்ல் ஷுர்ட்ஸ், வீட்டுப் பக்கம்

போன இழையில் கார்ல் ஷுர்ட்ஸைப் பற்றி எழுதியிருந்தேன். 1848 ஜெர்மன் புரட்சியில் கலந்துகொண்டு, முற்றுகையிலிருந்த ராஷ்டாட் கோட்டையிலிருந்து சாக்கடைக் குழாய் வழியே தப்பி, பிறகு அமெரிக்காவில் ஜெனரலானவர். "குடும்பம் என்ன ஆச்சு?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன்.

மனைவி மார்கரெத்தே. 1852-இல் லண்டனில் கல்யாணம், அதே வருஷம் கப்பல் ஏறினார்கள். ஹாம்பர்க்கில், கிண்டர்கார்டன் என்ற குழந்தைகள் பள்ளி முறையை உருவாக்கிய ஃப்ரோபெலிடம் கற்றதை மார்கரெத்தே மறக்கவில்லை. 1856-இல் விஸ்கான்சினின் வாட்டர்டவுனில் மகள் அகாதேவுக்கும் உறவுக் குழந்தைகளுக்கும் வீட்டிலேயே பாடம் தொடங்கினார். அமெரிக்காவின் முதல் கிண்டர்கார்டன் அதுதான். கணவரின் போர்களைவிட இது பெரிய விஷயம் என்பேன்!

அப்புறம் அமெரிக்க உள்நாட்டுப் போர். ஷுர்ட்ஸ் வடக்குப் பக்கம். 1863 மே மாதம் வர்ஜீனியாவின் சான்சலர்ஸ்வில்லில் தெற்குப் படைத் தளபதி ஜாக்சனின் படை பக்கவாட்டில் பாய்ந்தது. ஷுர்ட்ஸும் ஜெர்மன் குடியேறிகள் பலரும் இருந்த பதினோராவது படைப்பிரிவு சிதறியது. பத்திரிகைகள் பழியை ஜெர்மானியர்கள் தலையில் கட்டின. அந்தப் பிரிவில் ஜெர்மானியர் அல்லாதவர்களும் ஏராளம் என்பதை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஷுர்ட்ஸ் விசாரணை கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை.

1871-இல் பிறந்த மகனுக்கு கார்ல் லிங்கன் என்று பெயர். 1876-இல் கடைசி மகன் ஹெர்பர்ட் பிறந்த சில நாட்களில் மார்கரெத்தே இறந்துபோனார். அடுத்த வருஷமே ஷுர்ட்ஸுக்கு அமெரிக்க அரசின் உள்துறைச் செயலர் பதவி வந்தது. அவர் மறுமணம் செய்யவில்லை. ஹெர்பர்ட் 1900-இல் இறந்துபோனான், ஷுர்ட்ஸ் 1906-இல் நியூயார்க்கில்.