மேல் இமையில் வலியில்லாத உருண்டை, 5 வாரமாகக் கரையலை – கீறித்தான் எடுக்கணுமா?

ஆரியங்காவு_கடைக்காரன்
வீட்டுக்காரிக்கு 32 வயசு. வலது மேல் இமையில், முடி வரிசைக்குக் கொஞ்சம் மேலே, மிளகு அளவில் ஆரம்பிச்சு இப்போ பச்சைப் பட்டாணி அளவில் ஓர் உருண்டை. முதல் 3 நாள் சிவந்து வலிச்சது. பிறகு வலி போச்சு, உருண்டை போகலை. மருந்துக்கடையில் கொடுத்த சிப்ரோஃப்ளாக்சசின் – டெக்ஸாமெத்தசோன் சொட்டு 3 வாரமா ஊத்துறோம். வெந்நீர் ஒத்தடமும் கொடுத்தாச்சு. புனலூர்ல கண்குருன்னு சொல்றாங்க, செங்கோட்டையில மாமியார் நாமக்கட்டி இழைச்சுப் பத்துப் போடச் சொல்றாங்க. 9 மாசக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறா. என்ன செய்யலாம்?

இமை_விளிம்பு
தம்பி, கண்குருன்னாலும் கண்கட்டின்னாலும், மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ரெண்டு வேற வேற சங்கதிக்கு ஒரே பேரை வச்சிருக்காங்க. குழப்பம் அங்கேதான். முடியோட வேர்ல, தொட்டாலே வலிக்கிற மாதிரி சிவந்து, ஒரு வாரத்துல சீழ் வச்சு உடையறது கிருமியால வர்ற கட்டி. உங்க வீட்ல இருக்கிறது, நீங்க சொல்றதை வச்சுப் பார்த்தா, கலேசியன். விளிம்பிலிருந்து தள்ளி, கெட்டியா, வலியில்லாம, வாரக்கணக்கில் நிக்கும். மேல்தோலை நகர்த்தினா தோல் தனியா நகரும், உருண்டை அடியிலேயே இருக்கும்.

மேல் இமைக்குள்ள 30 முதல் 40 எண்ணெய்ச் சுரப்பி சீப்புப் பல் மாதிரி செங்குத்தா நிக்குது, கீழ் இமையில 20 முதல் 30. ஜெர்மானிய மருத்துவர் மைபோம் 1666ல் விவரிச்சதால மைபோமியன் சுரப்பின்னு பேரு. வாய் எல்லாம் இமை விளிம்பில் திறக்குது. கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாம மேலே படலம் போடறது இந்த எண்ணெய்தான். அது கெட்டியாகி வாயை அடைச்சா, பின்னாடி தேங்கி, சுரப்பியை விட்டுக் கசிஞ்சு சதைக்குள்ள இறங்கும். உடம்பு அதை வேத்துப் பொருளா நினைச்சுச் சுத்தி வளைச்சுக் கட்டுது. அந்தக் கட்டுதான் உருண்டை. உள்ளே இருக்கிறது சீழ் இல்லை, அதனால ஆன்டிபயாட்டிக் சொட்டுக்கு அங்கே பெரிசா வேலை இல்லை.

நாமக்கட்டி வேண்டாம். மேலே காஞ்ச பத்து இமைக்குள்ள இருக்கிற எண்ணெயை இளக்காது, தூள் உதிர்ந்து கருவிழியை உறுத்தும். பிதுக்கவும் கூடாது, குத்தவும் கூடாது.

சொட்டு_கவனம்
அந்தச் சொட்டுல இருக்கிற டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டு. சிலருக்கு 2, 3 வாரத்திலேயே கண் அழுத்தம் ஏறும், வெளியே ஒண்ணுமே தெரியாது. மாசக்கணக்கில் ஊத்தினா புரை வரவும் வாய்ப்பு இருக்கு. அடுத்த பாட்டில் வாங்காதீங்க. இந்த வாரமே கண் டாக்டரிடம் பாட்டிலைக் காட்டி, கண் அழுத்தம் அளக்கச் சொல்லுங்க. பால் கொடுக்கிறதையும் முதல்லயே சொல்லிடுங்க. இமைச் சுரப்பிக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதுறது உண்டு, பால் கொடுக்கிறவங்களுக்கு யோசிச்சுத்தான் கொடுப்பாங்க. பழைய சீட்டைக் காட்டி நீங்களா வாங்கிடக் கூடாது.

ஆரியங்காவு_கடைக்காரன்
நன்றி அண்ணாச்சி. ஒத்தடம் துணியை வெந்நீர்ல முக்கிப் பிழிஞ்சு, ஆறுற வரைக்கும் வச்சு எடுக்கிறோம். ஒரு நாளைக்கு ஒரு தடவை. பலன் இல்லையே?

இமை_விளிம்பு
அதுல பலன் வராது. பிழிஞ்ச துணி ஒண்ணு, ரெண்டு நிமிஷத்துல ஆறிடும். அடைச்ச எண்ணெய் இளகணும்னா இமை 40 டிகிரி பக்கம் சூடாகி, அந்தச் சூடு நிக்கணும். பாதிப் பேர் இந்த இடத்துலதான் தப்பு பண்ணிட்டு, ஒத்தடம் வேலை செய்யலைங்கிறாங்க.

ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வச்சுக்கோங்க. ஒரு கிண்ணத்துல பச்சைத்தண்ணி கலந்து, மணிக்கட்டு உள்பக்கம் ஊத்தினா நல்ல சூடு, ஆனா தாங்குதுங்கிற பதம். சின்னப் பருத்தித் துண்டு ரெண்டு. ஒண்ணு கண் மேல இருக்கும்போது இன்னொண்ணு கிண்ணத்துல ஊறட்டும். 2 நிமிஷத்துக்கு ஒரு முறை மாத்தி, மொத்தம் 10 நிமிஷம். கிண்ணம் ஆறினா ஃபிளாஸ்க்கிலிருந்து கொஞ்சம் ஊத்துங்க. ஒரு நாளைக்கு 3, 4 வேளை. சூட்டை ஏத்தி வேளையைக் குறைக்கலாம்னு நினைக்காதீங்க. உடம்பிலேயே மெல்லிசு இமைத் தோல்தான், சீக்கிரம் வெந்துடும். அவிச்ச முட்டையைத் துணியில சுத்தி வைக்கிறதும் இதே காரணத்தால ஆபத்து, உள்சூடு வெளியே வந்துட்டே இருக்கும். ஆவி பிடிக்கிறது மூக்குக்கு, இமைக்கு அந்த வெப்பம் நிலைக்காது.

துணியை எடுத்த கையோட, சூடு ஆறுறதுக்குள்ள நீவணும். கை கழுவிட்டு, கண்ணை மூடிக் கீழே பார்க்கச் சொல்லுங்க. விரல் நுனியால உருண்டைக்கு மேலிருந்து இமைமுடியைப் பார்த்துக் கீழாக, 10 தடவை, மெதுவா. கீழ் இமைன்னா மேல் நோக்கி. சுரப்பியோட வாய் இருக்கிற திசை அது. கண் உருண்டையை அழுத்தக் கூடாது. அப்புறம் ஆறவச்ச கொதிநீர் 10 பங்குக்குக் குழந்தை ஷாம்பு 1 பங்கு கலந்து, பட்ஸ் நுனியால முடி வேரை ஓரமாகத் துடைச்சு, சுத்தத் தண்ணியில கழுவணும். மையும் ஐலைனரும் இப்போதைக்கு நிறுத்துங்க, உள் விளிம்புல போடற மை நேரா அந்த வாயிலேதான் போய் உக்காருது.

இதை 4 முதல் 6 வாரம் செய்யணும். தினம் கண்ணாடி பார்த்தா மாற்றம் தெரியாது. வாரம் ஒரு நாள், ஒரே வெளிச்சத்துல, பக்கத்துல ஸ்கேலை வச்சு போட்டோ எடுத்து ஒப்பிடுங்க.

மூக்குக்கண்ணாடி_தென்காசி
ஒண்ணு சேர்த்துக்கிறேன். மேல் இமை உருண்டை பெரிசா இருந்தா கருவிழியை அழுத்தி, பார்வை மங்கும். டெஸ்ட் பண்ணினா சிலிண்டர் பவர், அதாவது கருவிழி வளைவு ஒரே சீரா இல்லாததால வர்ற பவர் காட்டும். அந்தப் பவருக்குக் கண்ணாடி போட்டா, கட்டி கரைஞ்சதும் கண்ணாடி வீண். கட்டி போன பிறகு டெஸ்ட் பண்ணுங்க. சின்னக் குழந்தைக்கு வந்தா மட்டும் காத்திருக்காதீங்க, பார்வை வளர்ற வயசு, அந்தக் கண்ணுல பார்வை சரியா வளராம சோம்பல் கண் ஆயிடலாம்.

ஆரியங்காவு_கடைக்காரன்
6 வாரத்துலயும் போகலைன்னா?

இமை_விளிம்பு
ரெண்டு வழி. கட்டிக்குள்ள ட்ரையம்சினலோன்ங்கிற ஸ்டீராய்டு ஊசி ஒண்ணு. நம்ம நிறத்துக்கு அதுல ஒரு சிக்கல், ஊசி போட்ட இடத்துல தோல் வெளுக்கலாம். அதனால பல டாக்டர்கள் இமையின் உள்பக்கமா போடுவாங்க.

இன்னொண்ணு கீறி எடுக்கிறது. மரத்துப் போற ஊசி, இமையைத் திருப்பிப் பிடிக்க வளையம் வச்ச கிளாம்ப், உள்பக்கமா சின்னக் கீறல், கரண்டி மாதிரிக் கருவியால சுரண்டல். கீறல் விளிம்புக்குச் செங்குத்தா இருக்கும். குறுக்கே கீறினா பக்கத்துச் சுரப்பிகளும் அறுந்துடும். வெளியே தழும்பு இல்லை, தையலும் பெரும்பாலும் இல்லை. கால் மணி நேர வேலை. மரத்துப் போற ஊசிதான் கொஞ்சம் வலிக்கும். சில மணி நேரம் கட்டு இருக்கும், ஒத்தைக் கண்ணோட மலைப்பாதையில வண்டி ஓட்டக் கூடாது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க முன்கூட்டியே சொல்லணும்.

இடையில இமை முழுக்க வீங்கி, காய்ச்சலோ, கண்ணை அசைச்சா வலியோ, ரெட்டைப் பார்வையோ வந்தா 6 வாரக் கணக்கு செல்லாது. அன்னைக்கே ஆஸ்பத்திரி.

புளியரை_வாசி
இழைக்குள்ள நுழையறதுக்கு மன்னிக்கணும். எங்க சித்திக்கு 64 வயசு. இதே மாதிரி கட்டி, ரெண்டு தடவை கீறியாச்சு, அதே இடத்துல மறுபடி. இப்போ அந்த இடத்துல இமைமுடியும் கொட்டிடுச்சு. ஒத்தடம் ஆரம்பிக்கலாமா?

இமை_விளிம்பு
வேண்டாம் அம்மா. மேலே சொன்னது எதுவும் சித்திக்குப் பொருந்தாது. வயசானவங்க, ஒரே இடம், திரும்பத் திரும்ப வருது, முடி கொட்டுது. இந்த நாலும் சேர்ந்தா எண்ணெய்ச் சுரப்பியில வர்ற புற்று இல்லைன்னு உறுதி பண்ணிக்கணும். பார்க்க அப்படியே கலேசியன் மாதிரி இருக்கும், அதனாலதான் தாமதமாத் தெரிய வருது. எல்லாமே அதுவா இருக்காது, ஆனா பயாப்சி, அதாவது சதையை எடுத்து மைக்ராஸ்கோப்புல பார்க்கிற பரிசோதனை இல்லாம சொல்ல முடியாது.

முன்னாடி ரெண்டு தடவை எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினாங்களான்னு அந்த ஆஸ்பத்திரியில் கேளுங்க. அனுப்பியிருந்தா அறிக்கையும், சதையை வச்சுப் பார்த்த கண்ணாடிச் சில்லும் (ஸ்லைடு) வாங்கிக்கோங்க. இமைக்கட்டி பார்க்கிற தனிப் பிரிவு உள்ள பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போங்க. உங்களுக்கு திருநெல்வேலியும் திருவனந்தபுரமும் ரெண்டுமே எட்டற தூரம்தான். மூணாவது தடவை வெறுமனே சுரண்டி விட சம்மதிக்காதீங்க.

புளியரை_வாசி
சீட்டு ரெண்டும் கையில இருக்கு. பரிசோதனைக்கு அனுப்பினதா எதுலயும் எழுதலை. திங்கக்கிழமை கூட்டிட்டுப் போறோம்.