டாக்டர் சொன்ன அந்த அரை மணி நேரம்: உங்கள் அனுபவம் என்ன?

செந்தூல்காரன்
எங்கள் ஃபிளாட்டில் குடியிருக்கும் அண்ணன் ஒருவருக்கு ஜாகா (காவலாளி) வேலை. அவரை அரசாங்க கிளினிக்கிற்கு அழைத்துப் போனேன். ரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர் (நீரிழிவு) இரண்டும் உண்டு. நம்பர், வரிசை, ஒரு வெள்ளி கட்டணம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மிஸ்ஸி (நர்ஸ்) பிரஷர் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றும்போது அண்ணனின் போன் அடித்தது. யார் என்று பார்த்தார், எடுக்கவில்லை. வட்டிக்காரன். மேல் எண் 180-ஐத் தாண்டிவிட்டது. மிஸ்ஸி போனை வாங்கி அணைத்துவிட்டு, “கொஞ்சம் உட்காருங்க அங்கிள்” என்றார். அப்புறம் பார்த்தால் 150 பக்கத்தில்.

டாக்டர் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார். “எப்போங்க டாக்டர்?” என்று கேட்டார் அண்ணன். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், போக வர பஸ். வாதாடக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். டாக்டர் பதில் சொல்லாமல் மருந்துச்சீட்டை நீட்டினார். எனக்கு அந்தக் கேள்வி இன்னும் போகவில்லை.

பாகான் டாலாம் பொண்ணு
அப்பாவுக்கு மறதி நோய். ராத்திரி பகல் அம்மாதான். அம்மாவின் காலில் சின்னக் காயம், ஆறவே மாட்டேன் என்றது. இத்தனைக்கும் இனிப்பு நீர் கிடையாது. கட்டு மாற்றிய மிஸ்ஸி, “ராத்திரி உங்களுக்கு யார் உதவிக்கு?” என்று கேட்டதும் அம்மா உடைந்து அழுதுவிட்டார். அந்தக் கேள்வியை நான்கூடக் கேட்டதில்லை. தைப்பிங்கிலிருந்து அத்தை வந்து தங்கிய பிறகுதான் காயம் மூடியது.

1995-ல் அமெரிக்காவின் ஒஹாயோவில் இதைச் சோதித்திருக்கிறார்கள். மறதி நோயாளிகளைப் பராமரித்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் கையில் ஒரே அளவில் சிறு காயம் செய்தார்கள். பராமரித்தவர்களுக்கு ஆற சராசரியாக 9 நாள் கூடுதலாக ஆனது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்
செந்தூல் தம்பி, வட்டிக்காரன் மேல் பழி போடாதீர்கள். நம் மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் நம்மவர்கள்தான் முதலிடம். வசதியான வீட்டிலும் இருக்கிறது. என் தம்பிக்குக் கால் விரல் போனது, அவனுக்குக் கடனே இல்லை. நான் சொல்வதைச் செய்யுங்கள். தே தாரிக் டீயில் கெட்டிப் பாலை நிறுத்துங்கள். ரொட்டி சானாய் பரோட்டாவை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிரஷர் மெஷின் ஒன்று வாங்கி, காலையில் பேசாமல் உட்கார்ந்து பார்த்து, நோட்டில் எழுதி அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள். மருந்தைப் பாதியில் விடாதீர்கள். நடக்க முடியாவிட்டால் இரண்டு மாடி படி ஏறுங்கள். மனம் இருந்தால் எல்லாம் முடியும்.

பயான் லெப்பாஸ் நைட் ஷிப்ட்
ஐயா, உங்கள் தம்பிக்காக வருந்துகிறேன். ஆனால் மனம் மட்டும் போதாது. ஃபேக்டரி லைனில் எனக்கு நெஞ்சு படபடத்து உட்கார்ந்தபோது சூப்பர்வைசர் கேட்ட முதல் கேள்வி, “உன் இடத்தில் யாரைப் போடுறது?” பக்கத்து லைன் தோழிதான் தண்ணீர் கொடுத்து, ஷிப்ட் முடியும்வரை கையைப் பிடித்திருந்தாள்.

பதற்றத்தில் கார்டிசோல் என்ற ஹார்மோன் கூடினால் கல்லீரலே சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும். தே தாரிக் குடிக்காமலும் ஏறும். லண்டனில் 1967-ல் தொடங்கி ஆண் அரசு ஊழியர்கள் ஏறக்குறைய 18,000 பேரை ஆராய்ந்தார்கள். எல்லாருக்கும் வேலை உண்டு, இலவச மருத்துவம் உண்டு. ஆனாலும் கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறந்தது உயர் அதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கும் மேல். புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் சேர்ந்தும் அந்த இடைவெளியில் பாதியைக்கூட விளக்கவில்லை. அவர்களுக்கெல்லாம் மனம் இல்லையா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்
சரி மகளே, அதை மறுக்கவில்லை. செந்தூல் தம்பி, அண்ணனுக்கு வங்கிக் கடனும் இருந்தால் ஏகேபிகே (கடன் ஆலோசனை நிறுவனம்) அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள், ஆலோசனை இலவசம். வட்டிக்காரனிடம் வாங்கிய கடனுக்கு அது உதவாது. அவன் மிரட்டினால் போலீஸ் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். தனியாகப் போகப் பயப்படுவார், கூடப் போங்கள்.