மறுமொழி: மீன்தொட்டிக் குழாய் இணைப்பு – 'நுண்கசிவு' போதுமா?

அன்புள்ள ஐயா,

> கடல்மீன் தொட்டிப் பராமரிப்புக் கையேட்டில், சொட்டாமலேயே இணைப்பு எப்போதும் ஈரமாக இருக்கும் நிலையை 'நுண்கசிவு' என்று எழுதியிருக்கிறேன். இது போதுமா?

போதாது என்பது என் கருத்து. 'நுண்' என்றதும் நுண்ணுயிர், நுண்ணோக்கி என்று கண்ணுக்குத் தெரியாத அளவே நினைவுக்கு வருகிறது. படிப்பவர் ஓட்டை சிறியது என்று எண்ணிக்கொண்டு, அதை அடைக்கப் பசையைத் தேடுவார். பெரும்பாலும் அங்கே ஓட்டையே இருக்காது. வாஷர் சரியாக உட்காராமல் இருக்கும். மரையில் டெஃப்லான் டேப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டிருக்கும். வடிகட்டி மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு மணல்துகள் ஒட்டியிருக்கும்.

நான் முன்வைக்கும் சொல் 'பொசிவு'. இது நான் படைத்த சொல் அன்று. நெல்லுக்கு இறைத்த நீர் வாய்க்கால் வழியோடிப் புல்லுக்கும் பொசியும் என்று மூதுரை சொல்கிறதே, அதே பொசிதல்தான். வாய்க்காலில் நீர் ஓடுகிறது, கரையோரத்தில் பொசிகிறது. நமக்கு வேண்டிய வேறுபாடு இந்த இரண்டு வினைகளுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. பொருளை இப்படி வரையறுக்கலாம்: துளியாகத் திரண்டு விழாமல், பரப்பில் படர்ந்தபடி இணைப்பின் ஊடாக வெளியேறும் நீர்.

> 'காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி' என்றார் சம்பந்தர். கசிவு என்பதே மெல்ல ஈரமாவதுதான். வேறு சொல் எதற்கு?

இந்தக் கேள்வியை எழுப்பிய அம்மையாருக்கு என் வணக்கம். சொல்லின் மூலப்பொருள் குறித்து அவர் கூறுவதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் 1984 போபால் துயரத்தையும் நாம் விஷவாயுக் கசிவு என்றே எழுதுகிறோம். எண்ணெய்க் கசிவு, வினாத்தாள் கசிவு என்று அந்தச் சொல் வெகுவாக விரிந்துவிட்டது. அதைப் பொதுச்சொல்லாகவே விட்டுவிட்டு, அதன் உள்வகைகளைப் பிரிப்பது நல்லது. துளியாக விழுந்தால் சொட்டு, கோடாக இறங்கினால் ஒழுக்கு, ஈரமாகப் படர்ந்தால் பொசிவு. 'ஊறல்' என்று எழுதலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். ஊறுவது உள்ளே சுரப்பது. நமக்கு வெளியேறும் நீருக்கான சொல் தேவை. தவிர, செய்தித்தாள்களில் அந்தச் சொல் சாராய ஊறலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

இவ்வளவு பிரிப்பது தேவைதானா என்று தோன்றலாம். கடல்நீர்த் தொட்டியில் தேவை. என் வீட்டுத் தொட்டி 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் கொண்டது, சுமார் 170 லிட்டர் நீர் பிடிக்கும். நாளொன்றுக்கு 100 மில்லி பொசிந்தால் நீர்மட்டம் கால் மில்லிமீட்டர்தான் இறங்கும். யாருக்கும் தெரியாது. வெயிலில் ஆவியாகிறது என்று நினைத்து நானும் பல மாதங்கள் நன்னீரை ஊற்றிவந்தேன். ஆவியாகும் நீர் உப்பைத் தொட்டியிலேயே விட்டுச் செல்லும். பொசியும் நீரோ உப்பையும் கொண்டு போய்விடும். லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால் நாளுக்கு 3.5 கிராம். நீரை மாற்றாமல் நன்னீரை மட்டும் ஊற்றிவந்தால் ஆறு மாதத்தில் 35 என்பது 31.5 அளவுக்கு இறங்கிவிடும். மீன்கள் தாங்கினாலும் பவளங்களுக்கு இது பெருந்துன்பம். எனவே கையேட்டில் 'ஆவியாதல்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அதற்கு எதிராக நிற்கும் ஒரு சொல் கட்டாயம் வேண்டும்.

என் தொட்டியில் பொசிவைக் காட்டிக்கொடுத்தது இணைப்பைச் சுற்றி வளர்ந்திருந்த வெள்ளைப் படிவம். இதை 'உப்பு ஊர்தல்' என்று மொழிபெயர்த்திருக்கிறீர்கள். ஈரச் சுவரைப் பார்த்து நம் வீடுகளில் 'உப்பு பூத்திருக்கிறது' என்கிறோமே; 'உப்புப் பூத்தல்' என்றே வைத்துவிடுங்கள். துடைத்துவிட்டு, உலர்ந்த டிஷ்யூ காகிதத்தை இணைப்பைச் சுற்றிக் கட்டி ஓர் இரவு விட்டேன். காலையில் நனைந்திருந்த பக்கமே பொசிவிடம். கண்ணாடித் துளையில் பொருத்தும் டேங்க் நிப்பிளின் ரப்பர் வாஷரை, தொட்டிக்குள் இருக்கும் விளிம்புப் பக்கம் போடாமல், வெளியே நட்டுப் பக்கம் போட்டிருந்தார்கள். நீர் மரை வழியாகவே வந்துகொண்டிருந்தது. நான் அதற்கு முன் நட்டை இரண்டு முறை இறுக்கியும் பார்த்திருக்கிறேன். கண்ணாடி விரிசல் விடாமல் போனது நல்லகாலம். நீர்மட்டத்தைத் துளைக்குக் கீழே இறக்கி, கழற்றித் துடைத்து, வாஷரை உள்பக்கம் மாற்றினேன். கையால் இறுக்கி, மேலே கால் சுற்று மட்டும் திருப்பியதும் நின்றுவிட்டது.

பி.வி.சி. ஒட்டுப்பசை போட்ட இணைப்பு பொசிந்தால் மேலே பூசுவதில் பயனில்லை, வெட்டி எடுத்துப் புதிதாக ஒட்டவேண்டும் என்பதையும் கையேட்டில் அழுத்தமாக எழுதுங்கள். சிலிக்கோன் பி.வி.சி.யில் சரியாகப் பிடிக்காது. காய்ந்த பழைய சிலிக்கோன் மேலும் அப்படித்தான்.

வினையாகவும் பெயராகவும் வளர இடம் கொடுக்கும் சொல் என்பதால்தான் 'பொசிவு' எனக்கு இன்னும் பிடிக்கிறது. பொசிகிறது, பொசிவிடம், பொசிவுத் தடம், பொசிவுச் சோதனை. உங்கள் மூன்றாம் பக்க வரியை இப்படி மாற்றிப் பார்த்தேன்: "உப்புப் பூத்த இணைப்பைக் கண்டால் இறுக்காதீர்கள், முதலில் பொசிவிடத்தைக் கண்டுபிடியுங்கள்." படித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

டேங்க் நிப்பிளுக்கும் சொல் கேட்டிருந்தீர்கள். ஏரிக்கரையை ஊடுருவி நீரை வெளியே கொண்டுவரும் அமைப்பைத் 'தூம்பு' என்றார்கள். தொட்டிச் சுவரை ஊடுருவும் இதுவும் அதே வேலையைத்தான் செய்கிறது, 'தொட்டித்தூம்பு' எனலாம். கடையில் கேட்கும்போது டேங்க் நிப்பிள் என்றால்தான் எடுத்துத் தருவார்கள் என்பதால், கையேட்டில் முதல் முறை வரும் இடத்தில் இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
குழும உறுப்பினர், சென்னை