புதுத் தொட்டி: தண்ணி வெள்ளையா கலங்கிருச்சு, கோல்டு ஃபிஷ் மேலேயே நிக்குது

புதூர்க்காரன்:
ரெண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி. அடியில வெள்ளை மார்பிள் கல், உள்ள முங்குற மோட்டார் ஃபில்டர். போர் தண்ணி ரொப்பி மறுநாளே ஆறு கோல்டு ஃபிஷ் விட்டாச்சு. இப்ப ஒரு வாரம் ஆகுது. ரெண்டு செத்துருச்சு, மிச்ச நாலும் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. டிடிஎஸ் பேனா 900 காட்டுது. ஃபில்டரை ராத்திரி நிறுத்திடுறோம். கடையில நீல மருந்து ஊத்திட்டு, மொத்தத் தண்ணியையும் மாத்தி, கல்லு, ஸ்பாஞ்ச் எல்லாத்தையும் குழாய்ல அலசச் சொல்றாங்க. செய்யலாமா? இல்ல கேன் தண்ணிக்கு மாறிடவா?

கரைமீன்:
ரெண்டும் வேண்டாம். நீல மருந்துன்னா மெத்திலீன் ப்ளூ. பூஞ்சைக்குக் கேக்கும். இங்க பிரச்சினை அம்மோனியா. அந்த மருந்து தொட்டியில வளர வேண்டிய பாக்டீரியாவையும் சேத்துக் கொன்னுடும்.

மீன் செவுள் வழியா விடுற கழிவு, தின்னாம அடியில கிடக்குற தீனி, எல்லாம் அம்மோனியாவாத்தான் மாறுது. அதை ஒரு கூட்டம் பாக்டீரியா நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும். இந்த ரெண்டும் ஸ்பாஞ்ச்லயும் கல்லுலயும் ஒட்டி வளர நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். உங்க தொட்டியில இப்ப அது இல்லவே இல்ல. வெள்ளைக் கலங்கல் வேற வகை பாக்டீரியா. தானா தெளிஞ்சுரும், அதுக்காக எதையும் ஊத்தாதீங்க.

நம்ம ஊர்ல இது சீக்கிரம் முத்துறதுக்குக் காரணம் இருக்கு. கடினமான போர் தண்ணியில பிஎச் 8-ஐ ஒட்டி இருக்கறது சகஜம். பிஎச் 7-ல, 30 டிகிரியில மொத்த அம்மோனியால 1 சதவீதத்துக்கும் குறைவாத்தான் விஷ வடிவத்துல இருக்கும். அதே சூட்டுல பிஎச் 8 ஆனா ஏழெட்டு சதவீதம். டிடிஎஸ் பேனா இதைக் காட்டாது, அது கரைஞ்ச உப்பைத்தான் அளக்கும். சொட்டு விட்டுப் பாக்குற அம்மோனியா, நைட்ரைட் டெஸ்ட் கிட் ஒண்ணு வாங்கிக்கங்க.

இன்னைக்குச் செய்ய வேண்டியது: தீனி நிறுத்துங்க, ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தா கோல்டு ஃபிஷ் சாகாது. கல்லு போக உங்க தொட்டியில 45 லிட்டர் தண்ணி நிக்கும். அதுல 20 லிட்டர், அதாவது ஒரு கேன் அளவு, அடியில இருக்கற அழுக்கோட சேத்து டியூப்ல உறிஞ்சி எடுத்துட்டு, அதே போர் தண்ணியை விடுங்க. டெஸ்ட்ல அம்மோனியா 0.25-க்குக் கீழ வர்ற வரைக்கும் தினம் இப்படித்தான். வெயில் காலத்துல மாடி சின்டெக்ஸ் தண்ணியை மத்தியானம் பிடிச்சு ஊத்துனா மீன் வெந்துரும், காலையில பிடிச்சு வைங்க.

திருநகர்வாசி:
கரைமீன் அண்ணே சொன்னது சரி. ஃபில்டர் பத்தி மட்டும் சேத்துக்கிறேன். ராத்திரி நிறுத்தவே கூடாது. அந்த பாக்டீரியாவுக்கு ஆக்ஸிஜன் ஓடிக்கிட்டே இருக்கணும், நின்ன ஸ்பாஞ்ச்ல கொஞ்சம் கொஞ்சமா செத்துரும். கரண்ட் பில்லுக்குப் பயமா? 10 வாட் மோட்டார் நாள் முழுக்க ஓடுனாலும் மாசத்துக்கு ஏழு யூனிட்தான். கரண்ட் கட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு வச்சுக்கங்க.

ஸ்பாஞ்சைக் குழாய்ல காட்டாதீங்க. தொட்டியில இருந்து எடுத்த தண்ணியை வாளியில வச்சு, அதுல ரெண்டு மூணு தடவை பிழிங்க. காபி நிறத்துல அழுக்கு இறங்கும். தண்ணி திரும்ப ஓடுற அளவுக்குப் போதும், வழவழப்பு மிச்சம் இருக்கணும், அதுலதான் விஷயமே இருக்கு. நோயில்லாத பழைய தொட்டி தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது இருந்தா ஒரு துண்டு ஸ்பாஞ்ச் கேட்டு வாங்கி, ஈரம் காயுறதுக்குள்ள உங்க ஃபில்டருக்குள்ள திணிங்க. ஆறு வாரம் பாதியாக் குறையும். கடையில விக்கிற பாக்டீரியா பாட்டிலை நான் இந்த அளவுக்கு நம்ப மாட்டேன்.

புதூர்க்காரன்:
நன்றிண்ணே. வைகைத் தண்ணியும் வீட்டுக்கு வருது, அதை விடலாமா? கேன் தண்ணி பத்தியும் சொல்லுங்க.

கரைமீன்:
கார்ப்பரேஷன் தண்ணியில குளோரின் இருக்கும், அப்படியே விட்டா செவுள் கருகும், ஸ்பாஞ்ச் பாக்டீரியாவும் போயிரும். வாளியில ஏர் போட்டு ஒரு நாள் விடுங்க, அவசரம்னா சோடியம் தயோசல்பேட் 50 லிட்டருக்கு ஒரு கிராம் கரைங்க. திடீர்னு மாத்தாம போர் தண்ணியோட கொஞ்சம் கொஞ்சமா கலந்துட்டு வாங்க.

கேன் தண்ணி பெரும்பாலும் ஆர்ஓ. அதுல பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கிற காரத்தன்மை கிடையாது. பாக்டீரியா வேலை செய்யச் செய்ய அது இன்னும் கரையும், ஒருநாள் பிஎச் பொத்துனு இறங்கிரும். கோல்டு ஃபிஷ்ஷுக்குக் கடினத் தண்ணி ஒண்ணும் பண்ணாது. மார்பிள் கல்லும் இருந்துட்டுப் போகட்டும்.

ரெண்டாவது, மூணாவது வாரத்துல அம்மோனியா இறங்கி நைட்ரைட் ஏறும். செவுள் சிவப்பு போய்ப் பழுப்படிச்சா அதுதான். அதுக்கு மருந்து அயோடின் கலக்காத கல் உப்பு, லிட்டருக்கு ஒரு கிராம், உங்களுக்கு 45 கிராம். தனியாக் கரைச்சு நாள் முழுக்கப் பிரிச்சு ஊத்துங்க. உப்பு ஆவியாகாது, அடுத்த தடவை தண்ணி மாத்தும்போது வெளிய எடுத்த தண்ணிக்கு மட்டும் உப்பு போடுங்க, மறுபடி 45 போட்டுறாதீங்க.

திருநகர்வாசி:
இன்னொண்ணு தம்பி, கோல்டு ஃபிஷ் நாலுக்கு 45 லிட்டர் எப்பவும் பத்தாது. ஒவ்வொண்ணும் சாண் அளவு வளர்ற மீன். பெரிய தொட்டி இருக்கறவங்களுக்குக் கொடுத்துட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரு வாரம் பூஜ்ஜியத்துலயே நின்ன பிறகு மோலி மீனோ பிளாட்டி மீனோ நாலு விடுங்க. இதுக உங்க போர் தண்ணிக்குன்னே பிறந்த மாதிரி. டெட்ரா மீன் மென்தண்ணிக்காரன், இந்தத் தண்ணியை வச்சுக்கிட்டு அது பக்கம் போகாதீங்க.