பாய்ப்படகில் ‘பூம்’ தாங்கி: சொல் வேண்டும், அவசரம்

கரையோரன் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டிய ஒரு கையேடு என்னிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது. சென்னைத் துறைமுகத்துக்குள் பாய்ப்படகு பழகும் மீனவப் பிள்ளைகளுக்கானது. 22 அடிப் படகு, ஒற்றைப் பாய்மரம். பாயின் அடிவிளிம்பைப் பிடித்தபடி படுக்கைவாட்டில் பின்னோக்கி நீளுமே ஒரு மரம், இப்போதெல்லாம் அலுமினியக் குழாய், அதை அங்கே எல்லாரும் பூம் என்கிறார்கள். பாயை இறக்கியதும் பூமைத் தாங்க ஏதாவது வேண்டும். இல்லாவிட்டால் கீழே உட்கார்ந்திருப்பவர் மண்டையில்தான் இறங்கும். அந்த ‘ஏதாவது’ பற்றித்தான் அத்தியாயம்.

‘தாங்கி’ என்று போட்டு அனுப்பினேன். பயிற்சியாளர் திருப்பி அனுப்பிவிட்டார். பாய்மர உச்சியிலிருந்து பூமின் பின்முனைக்கு வரும் கயிறும் தாங்கிதான். படகு கட்டிக்கிடக்கும்போது பின்பக்கம் செருகிவைக்கும் கட்டையும் தாங்கிதான். பாய்மரத்தின் அடியிலிருந்து சாய்வாகப் போய்ப் பூமை மேலே தள்ளும் கண்ணாடியிழைக் கம்பியும் தாங்கிதான். அந்தக் கம்பி இருக்கும் அதே இடத்தில் வேங் என்று ஒரு கப்பிக்கயிறு உண்டு. அது தாங்கவே தாங்காது, பூமைக் கீழே இழுக்கும். “தாங்கியை இறுக்கு என்று நான் கத்தினால் பையன் எதைப் பிடித்து இழுப்பான்?” என்று கேட்கிறார். உதவுங்கள்.

நன்னூலான் எழுதியது:

கரையோரரே, அடிமரம் இல்லாமல் தாங்கி எதற்கு? முதலில் பூமுக்குச் சொல் காண்போம். பூம் என்பது டச்சுச் சொல், பொருள் ‘மரம்’. ஆக வெள்ளைக்காரன் மரத்தை மரம் என்றான், நாம் அதை மந்திரம்போல் உச்சரிக்கிறோம். நமக்குப் பாய்மரம் ஏற்கெனவே இருக்கிறது. மரத்திலிருந்து பக்கவாட்டில் நீள்வது கிளை. எனவே ‘பாய்க்கிளை’.

இன்னும் பழையதாக வேண்டுமானால், புறநானூறு 30-இல் “கூம்பொடு மீப்பாய் களையாது” புகாருக்குள் நுழையும் பெருங்கலம் வருகிறது. கூம்பு பாய்மரம். மணிமேகலையில் பாய்க்கு ‘இதை’ என்று பெயர். ஆகவே கூம்பு, இதைக்கிளை, இதைத்தாங்கி என்று ஒரே குடும்பமாக அமைத்துவிடலாம்.

தச்சன் எழுதியது:

எதைத் தாங்கி, ஐயா?

நன்னூலான் எழுதியது:

நகைச்சுவைக்கு நன்றி. இடம் நோக்கிப் பொருள் கொள்வது தமிழர்க்குப் புதிதன்று.

வல்வையூரான் எழுதியது:

ஐயா, கடலில் இடம் நோக்கிப் பொருள் கொள்ள நேரம் இராது. எங்கள் வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி, வல்வை ஆட்களோடு 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. இரட்டைப் பாய்மரக் கப்பல். அதில் எத்தனை மரம், எத்தனை கயிறு! பெயரில்லாமலா ஓட்டினார்கள்? பாய் தொங்குகிற குறுக்குமரத்துக்குப் பருமல் என்று அகராதியிலேயே இருக்கிறது. பாயேற்றும் கயிறு ஆஞ்சான். மேலே இருப்பது பருமல் என்றால் கீழே இருப்பது ‘அடிப்பருமல்’. கிளையும் வேண்டாம், இலையும் வேண்டாம்.

வேர்தேடி எழுதியது:

ஒரு முக்கியமான செய்தியை எல்லாரும் தாண்டிப் போகிறீர்கள். வேங் என்ற சொல்லே தமிழ்தான். வங்கம் என்றால் கப்பல். வங்கத்தில் கட்டிய கயிறு வங்கு, அது ஐரோப்பா போய் வேங் ஆகித் திரும்பியிருக்கிறது.

நன்னூலான் எழுதியது:

இல்லை. அதுவும் டச்சுதான். பிடித்தல் என்னும் வினையடி. தமிழுக்கு வேறு பெருமைகள் நிறைய உண்டு.

ஆனால் உங்கள் பிழையிலிருந்து ஒன்று கிடைக்கிறது. ‘வாங்கு’ என்பதற்கு இழு, வளை என்ற பழம்பொருள் உண்டு; வில்லை வாங்குதல் என்போம். பூமைக் கீழே இழுப்பதால் ‘வாங்குகயிறு’. ஓசையும் வேங் போலவே வருகிறது. வினைத்தொகை, ஆகையால் வலி மிகாது. ‘வாங்குக்கயிறு’ என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

வல்வையூரான் எழுதியது:

எங்கட ஊரில் வாங்கு எண்டால் பள்ளிக்கூடத்தில் பிள்ளையள் இருக்கிற பலகை, ஐயா.

தச்சன் எழுதியது:

எங்கள் பக்கம் வாங்குகயிறு என்றால் கடையில் வாங்கவேண்டிய கயிறு. சொல் இருக்கட்டும், கொஞ்சம் வேலையையும் பாருங்கள். நான் படகுப் பட்டறையில் இருப்பவன்.

உச்சிக்கயிறு பொருத்த யாரும் மேலே ஏற வேண்டாம். இந்த அளவுப் படகில் பாய்மரத்தையே சாய்த்துவிடலாம். உச்சியின் பின்பக்கம் ஒரு ஷேக்கிள், அதாவது கயிறு மாட்டும் இரும்பு வளையம், அதில் 5 மி.மீ. கயிறு. கீழே பூமின் முனையில் உள்ள கப்பி வழியாக வந்து, பூமின் பக்கவாட்டில் கயிற்றைப் பிடித்துவைக்கும் கிளீட்டில் முடியும். நீளம் எடுப்பதில்தான் தப்பு நடக்கும். பாயை முழுக்க ஏற்றி, ஷீட்டை, அதாவது பூமை உள்ளே இழுக்கும் கயிற்றை, இறுக்கி இழுத்த பிறகும் இந்தக் கயிறு தொய்வாக இருக்க வேண்டும். விறைப்பாக நின்றால் பூமைப் பாய்க்குப் பதிலாகக் கயிறு பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பாயின் பின்விளிம்பு தொளதொளத்துவிடும். ரொம்பத் தொய்வாக விட்டாலும் தொல்லை. காற்றில் ஆடி ஆடிப் பின்விளிம்பிலேயே உரசும். அப்படி ஓட்டின பாயை விரித்துப் பாருங்கள், பின்விளிம்புத் தையலில் ஒரு வரிசை நூல் மட்டும் பஞ்சுபஞ்சாகப் பிய்ந்திருக்கும். கயிற்றோடு ஒரு முழம் எலாஸ்டிக் கயிற்றைச் சேர்த்துக் கட்டினால் தொய்வைத் தானே சுருக்கிக்கொள்ளும்.

தள்ளுகம்பிக்கு பாய்மரத்தில் ஒரு பிடிப்பு, பூமில் ஒரு பிடிப்பு. அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் திருகை வெறுமனே ஏற்றாதீர்கள். உப்புக்காற்றில் திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும், அப்புறம் அந்த ஓட்டை தானே பெரிதாகும். இடையில் அரிப்பைத் தடுக்கும் பசை கட்டாயம்.

நான்காவதாக ஒன்றையும் விட்டுவிட்டீர்கள். சில படகுகளில் பாய்மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் கம்பியிலிருந்து ஒரு முழத்துக்குக் கொக்கி தொங்கும், பூமின் முனையை அதில் மாட்டிவைப்பார்கள். நங்கூரமிட்டு நிற்கும்போது சரி. கழற்ற மறந்து கிளம்பினால் பூம் பக்கவாட்டில் விலகாது. திடீர்க்காற்று அடித்தால் பாயிலிருந்து காற்றைத் திறந்துவிட வழியே இருக்காது. படகு சாயும். சொல் எதுவானாலும் ‘மாட்டு, கழற்று’ என்பது அதில் தெரிய வேண்டும்.

வேர்தேடி எழுதியது:

அது பின்னல் மாதிரி தொங்குவதால் சடைக்கொக்கி?

தச்சன் எழுதியது:

முதல்முறையாக உங்களோடு ஒத்துப்போகிறேன்.

மங்கை எழுதியது:

பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள் என்ற முறையில் ஒரு யோசனை. கயிறு இழுக்கத்தான் செய்யும், தள்ளாது. கோலும் கம்பியும் தள்ளும். பெயரின் கடைசிப் பகுதியில் இதைக் காட்டிவிட்டால் பிள்ளைகளுக்குப் பாதிக் குழப்பம் தீரும்.

உச்சியிலிருந்து வருவது ‘ஏந்துகயிறு’. சாய்வாகத் தள்ளுவது ‘உந்துகம்பி’. பின்பக்கம் செருகுவது ‘கவைக்கோல்’. குலை தள்ளிய வாழைக்குக் கொடுக்கிறோமே கவட்டைக் கம்பு, அதே வேலை, அதே வடிவம்.

நன்னூலான் எழுதியது:

அம்மா, ஏந்து என்பதை இப்போது ‘வசதி’ என்ற பொருளில் தனித்தமிழ் அன்பர்கள் எழுதிவருகிறார்கள். வசதிக்கயிறு என்று ஆகிவிடும். ‘உறிக்கயிறு’ என்போம். மேலிருந்து தொங்கித் தாங்குவதற்கு உறியைவிடப் பொருத்தம் ஏது? ‘தூக்குகயிறு’ என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். பொருள் சரிதான், ஆனால் பிள்ளைகள் கையில் கொடுக்கும் புத்தகம்.

கரையோரன் எழுதியது:

உறி பார்த்த பிள்ளைகள் இப்போது எத்தனை பேர், ஐயா? என் வகுப்பில் கேட்டுப் பார்த்தால் கண்ணன் வெண்ணெய் திருடும் படத்தைத்தான் காட்டுவார்கள்.

ஆங்கிலவழியான் எழுதியது:

மன்னிக்கவும், ஒரே ஒரு கேள்வி. இந்தப் பிள்ளைகள் நாளைக்குப் போட்டிக்குப் போனால் உச்சியிலிருந்து வரும் அந்தக் கயிற்றை நடுவர் டாப்பிங் லிஃப்ட் என்றுதான் சொல்வார். அதையே தமிழ் எழுத்தில் போட்டால் என்ன? சுக்கான் அரபி, நங்கூரம் பாரசீகம், மாலுமியும் அரபியிலிருந்து வந்தவர்தான். கடல் எப்போது தூய தமிழ் பேசியது?

நன்னூலான் எழுதியது:

சுக்கான் வந்து பல நூற்றாண்டு ஆயிற்று, குடியுரிமை பெற்றுவிட்டது. உங்கள் டாப்பிங் லிஃப்ட் நேற்று இறங்கியது. அதற்குள் வீட்டுச் சாவி கேட்கிறீர்கள்.

வல்வையூரான் எழுதியது:

நேற்று இறங்கினதைத்தான் துறைமுகத்தில் எல்லாரும் பேசுகினம். ஆனாலும் நான் மங்கையின் பக்கம். கவைக்கோல் நல்ல சொல். இந்த விவாதத்தில் கவைக்குதவின ஒரே பேச்சு அதுதான்.

கரையோரன் எழுதியது:

நேரமாகிவிட்டது, எண்ணிவிட்டேன். ஏந்துகயிற்றுக்கு ஐந்து பேர். உறிக்கயிற்றுக்கு நன்னூலார், அவரோடு வேர்தேடி. ஆங்கிலவழியான் தனியாக நிற்கிறார். கவைக்கோலுக்கு எதிர்ப்பே இல்லை. உந்துகம்பியும் சடைக்கொக்கியும் பெரிதாக யாரும் சண்டை போடாததால் தேறிவிட்டன.

வேங்குக்கு மட்டும் எதுவும் ஒட்டவில்லை. ‘இறக்குகயிறு’ என்று தனிமடலில் ஒருவர் சொன்னார். பாயை இறக்கும் கயிறு என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள், பயிற்சியாளர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். ஆகவே வேங் என்றே விடுகிறேன். பூமும் பூம்தான், அடிப்பருமல் முதல் பக்கத்தில் ஒருமுறை மட்டும் வரும்.

அச்சுக்குப் போகும் வரி இது: “பாயை இறக்குவதற்கு முன் ஏந்துகயிற்றை இறுக்கு. பாய் ஏறி நின்ற பிறகு ஏந்துகயிற்றைத் தளர்த்து. சடைக்கொக்கி கழன்றிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்.” பயிற்சியாளர் சரி என்றுவிட்டார்.

நன்னூலான் எழுதியது:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், ஏற்கவில்லை. பின்னிணைப்புச் சொற்பட்டியலில் ‘உறிக்கயிறு’ என்பதையும் சாய்கோடு இட்டுச் சேர்க்கவும். பூம் பாய்மரத்தோடு சேரும் மூட்டுக்கு ஆங்கிலத்தில் வாத்துக்கழுத்து என்று பெயராமே, அதைக் கையேட்டில் எப்படி எழுதியிருக்கிறீர்கள்?

கரையோரன் எழுதியது:

‘மூட்டு’ என்று எழுதியிருக்கிறேன், ஐயா. கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது.